கையெழுத்துக் கேட்கும் சித்தப்பா: குடும்பக் கட்டுமான நிறுவனத்தில் ஓர் இயக்குநரின் பொறுப்பு

கேள்வி: அப்பாவும் சித்தப்பாவும் சேர்ந்து தொடங்கிய கட்டுமான நிறுவனம் எங்களுடையது. அப்பா இறந்தபின் அவருடைய மூன்றில் ஒரு பங்கு என் பெயருக்கு வந்தது. இயக்குநராகவும் என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். நான் சிவில் இன்ஜினியர். வேறு நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். மீதிப் பங்குகள் சித்தப்பாவிடமும் அவர் மகனிடமும் (எனக்குத் தம்பி முறை) உள்ளன. அவர்கள் இருவரும்தான் மற்ற இயக்குநர்கள். இப்போது ஒரு அடுக்குமாடிக் கட்டடம் எழும்புகிறது. வீடு வாங்கியவர்கள் கட்டம் கட்டமாகப் பணம் கட்டி வருகிறார்கள்.

கான்கிரீட், சென்ட்ரிங் வேலையெல்லாம் சித்தி பெயரில் உள்ள ஒரு நிறுவனத்துக்குப் போயிருக்கிறது. இரண்டு வருடமாக எங்களோடு பேசிக்கொண்டிருந்த ஒரு நில உரிமையாளர், போன மாதம் தம்பி தனியாகத் தொடங்கிய கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டுவிட்டார். வீடு வாங்கியவர்களின் பணத்திலிருந்தும் அந்த இடத்துக்குக் கொஞ்சம் போயிருப்பதாகத் தெரிகிறது. இந்த நிலையில், 'ஏழாம் தளக் கூரை முடிந்தது' என்ற சான்றில் என் கையெழுத்தைக் கேட்கிறார்கள். அதை வைத்து அடுத்த தவணையை வாங்குவார்களாம். போன வாரம் நான் போனபோது ஐந்தாம் தளத்துக்குத்தான் கூரை போட்டிருந்தார்கள். அதற்கு மேல் தூண் கம்பிகள் மட்டும் நின்றன. "நமக்குள்ள என்னம்மா, போட்டுக் குடு" என்கிறார் சித்தப்பா. பேசாமல் பதவி விலகிவிடலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் எழுதிய வரிசையை விட்டு, அவசரம் எதற்கோ அதிலிருந்து தொடங்குகிறேன். இப்போதுள்ள வாசகத்தோடு அந்தச் சான்றில் கையெழுத்துப் போடாதீர்கள். தேதியைக் காலியாக விட்டுக் கேட்டாலும், "அடுத்த மாதம் எப்படியும் முடிந்துவிடும்" என்று சொன்னாலும் போடாதீர்கள். நீங்கள் எழுதியுள்ள மற்றச் சிக்கல்களைப் பிறகு உட்கார்ந்து சரிசெய்ய முடியும். இது மட்டும் கையை விட்டுப் போனால் திரும்பி வராது.

எந்த நாட்டில் இருக்கிறீர்கள் என்று எழுதவில்லை. இங்கிலாந்தின் பொதுச் சட்ட மரபைத் தழுவிய நாடுகளில் கம்பெனிச் சட்டத்தின் அடிப்படைகள் பெரும்பாலும் ஒன்றுதான். நான் குறிப்பிடும் தீர்ப்புகள் எல்லாம் அந்த மரபில் வந்தவை. பிரிவு எண், கெடு நாள், படிவம் ஆகியவை நாட்டுக்கு நாடு மாறும். அவற்றை உங்கள் வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

நிறுவனம் தனி ஆள், அதன் கடன் பங்குதாரரைத் தொடாது என்று 1896-இல் சாலமன் வழக்கில் உறுதியானது. இதை வைத்துக்கொண்டு, 'நிறுவனத்துக்காகத்தானே கையெழுத்துப் போட்டேன், எனக்கென்ன' என்று பல இயக்குநர்கள் நினைக்கிறார்கள். கடனுக்கு அந்தப் பாதுகாப்புத் திரை உண்டு. பொய்க்குக் கிடையாது. உண்மையான நாளுக்கு முந்தைய தேதி போட்ட கப்பல் ஆவணங்களை வங்கியில் கொடுத்து, தன் நிறுவனத்துக்குப் பணம் வாங்கித் தந்தார் ஒரு நிர்வாக இயக்குநர். நிறுவனத்தின் சார்பில் செய்தேன் என்ற அவருடைய வாதத்தை 2002-இல், அன்று பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை ஏற்கவில்லை. மோசடிக்கு அவரே நேரடியாகப் பொறுப்பு என்றது. தெரிந்தே சொன்னால்தான் மோசடி என்றும் எண்ண வேண்டாம். உண்மையா பொய்யா என்று கவலைப்படாமல் சொல்வதும் மோசடிதான் என்பது 1889-இல் டெரி எதிர் பீக் வழக்கிலிருந்து நிலைத்த விதி. நீங்களோ போன வாரம் கண்ணால் பார்த்திருக்கிறீர்கள்.

இன்னொன்றும் உண்டு. நீங்கள் இன்ஜினியர். அந்தச் சான்றில் உங்கள் பட்டமும் சேர்ந்து நிற்கும். நடக்காத வேலைக்கும் சரியில்லாத வேலைக்கும் சேர்த்துச் சான்று எழுதிக் கொடுத்த ஒரு கட்டடக் கலைஞர், பில்டர் நொடித்துப்போனதும் வீட்டுக்காரரின் நட்டத்துக்குப் பொறுப்பேற்க வேண்டி வந்தது. அது 1974-இல் தீர்ந்த சட்கிளிஃப் எதிர் தாக்ரா வழக்கு.

இவ்வளவு சொன்ன பிறகும், சித்தப்பாவைக் குற்றம் சொல்வதற்கு முன் ஒன்றைப் பார்த்துவிடுங்கள். தளத்தை எண்ணுவதும் ஸ்லாப்பை எண்ணுவதும் வேறு வேறு. உங்கள் கட்டடத்தில் நிலத்தடித் தளம் இருந்தால் அதன் கூரை முதல் ஸ்லாப், தரைத் தளத்தின் கூரை இரண்டாவது, முதல் தளத்தின் கூரை மூன்றாவது. அப்படி எண்ணிக்கொண்டு போனால் ஐந்தாம் தளத்தின் கூரைதான் ஏழாவது ஸ்லாப். விற்பனை ஒப்பந்தத்தின் தவணை அட்டவணையில் 'ஏழாம் ஸ்லாப்' என்று இருந்து, அலுவலகத்தில் யாரோ அதை 'ஏழாம் தளக் கூரை' என்று தட்டச்சு செய்திருக்கலாம். அட்டவணையை எடுத்து ஒரு முறை வாசியுங்கள். அங்கே ஸ்லாப் கணக்கு இருந்தால், 'ஐந்தாம் தளத்தின் கூரை, அதாவது ஏழாம் ஸ்லாப், இன்ன தேதியில் கான்கிரீட் போடப்பட்டது' என்று திருத்தி எழுதித் தாராளமாகக் கையெழுத்துப் போடலாம். அங்கேயும் ஏழாம் தளம் என்றே இருந்தால், அடுத்த தவணைக்கு இன்னும் இரண்டு கூரை பாக்கி இருக்கிறது.

எந்தத் தேதியை எழுதுவதானாலும் சைட்டில் உள்ள காகிதங்களிலிருந்து எடுங்கள். யாருடைய வாய்ச்சொல்லிலிருந்தும் எடுக்காதீர்கள். கான்கிரீட் போட்ட ஒவ்வொரு கூரைக்கும் மூன்று தடயங்கள் இருக்கும். முதலாவது, ரெடிமிக்ஸ் லாரிகளின் சலான். தளம் 400 சதுர மீட்டர், ஸ்லாப் கனம் 150 மில்லிமீட்டர் என்றால் 60 கன மீட்டர். ஸ்லாப்புக்குக் கீழே தொங்கும் பீம் பகுதி ஒரு 12 கன மீட்டர் என்று வையுங்கள். மொத்தம் 72, லாரி ஒன்றுக்கு 6 கன மீட்டர் வீதம் 12 நடை. ஒரே நாளில், நேரம் குறித்த 12 சலான்கள் இருக்க வேண்டும். இரண்டாவது, கியூப் பதிவேடு. வார்க்கும்போது எடுத்த 150 மில்லிமீட்டர் கட்டிகளில் மூன்றை 7-ஆம் நாளும் மூன்றை 28-ஆம் நாளும் உடைத்துப் பார்த்த முடிவுகள் அதில் இருக்கும். தேதியை வைத்துப் பின்னோக்கி எண்ணினால் கூரை போட்ட நாள் தானாக வந்துவிடும். மூன்றாவது, நடந்த வேலையை அளந்து எழுதும் அளவுப் புத்தகம். இந்த மூன்றிலும் ஒரே தேதி இருந்தால் நம்பலாம். அளவுப் புத்தகத்தில் மட்டும் ஏழாம் தளம் ஏறியிருந்து, சலானும் கியூபும் இல்லையென்றால் அந்தப் பக்கத்தைப் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

சித்தப்பாவிடம் பேசும்போது சட்டம் எதையும் எடுக்க வேண்டாம். "சித்தப்பா, அஞ்சாவது தளம்னு எழுதிக் குடுங்க, இப்பவே போடுறேன்" என்று சொன்னால் போதும். பிறகு அதையே இரண்டு வரியில் மின்னஞ்சலாக அனுப்பிவிடுங்கள். மறுத்தது மட்டுமல்ல, உண்மையான சான்றைத் தரத் தயாராக இருந்ததும் பதிவாக வேண்டும்.

அடுத்து, வீடு வாங்கியவர்களின் பணம். உங்கள் கடிதத்தில் எனக்கு அதிகக் கவலை தந்தது இதுதான். குடும்பச் சண்டையில் தோற்றால் பங்கு போகும்; இங்கே தோற்பவர்கள் சேமிப்பு முழுவதையும் போட்டுவிட்டு வாடகை வீட்டில் காத்திருப்பவர்கள்.

'கொஞ்சம்' என்று எழுதியிருக்கிறீர்கள். எவ்வளவு என்பது ஒரு மாலை உட்கார்ந்தால் தெரிந்துவிடும். எண்களை எளிதாக்க, இந்தக் கட்டடத்தை முடிக்க ஆகும் மொத்தச் செலவை 100 என்று வையுங்கள். விற்பனையில் வர வேண்டியது 110. இதுவரை வாங்கியவர்கள் கட்டியது 60. நடந்த வேலையின் மதிப்பு 48. அதில் கொடுத்தது 45, பில் பாக்கி 3. அப்படியானால் கணக்கில் 15 இருக்க வேண்டும். வங்கியில் 4 தான் இருக்கிறது என்றால், 11 வேறு இடத்துக்குப் போய்விட்டது. இனி வரப்போவது 50. கையில் உள்ள 4 சேர்ந்தால் 54. இனிச் செய்ய வேண்டிய வேலை 52, பில் பாக்கி 3, ஆக 55. ஒருவர் விடாமல் எல்லோரும் கட்டி முடித்தாலும் 1 குறைகிறது. மிச்சமுள்ள வேலையில் கம்பியும் சிமெண்டும் கூலியும் சேர்ந்து 5 விழுக்காடு ஏறினால் பள்ளம் 3.6 ஆகிவிடும். அந்த 11 திரும்பி வந்தால், விலை ஏறிய பிறகும் 7.4 மிச்சம். லாபகரமான ஒரு கட்டடம் பாதியில் நிற்பது இப்படித்தான். சந்தை விழுந்ததால் நின்றுவிட்டது என்று பின்னால் சொல்வார்கள். அதற்கு முன்பே இந்தக் கழித்தல் நடந்து முடிந்திருக்கும்.

இதற்கு உங்களுக்கு வேண்டியவை நான்கு காகிதங்கள்: வாங்கியவர் வாரியான வரவு லெட்ஜர், இந்தத் திட்டத்தின் வங்கி அறிக்கை, சைட் வாரியான செலவுக் கணக்கு, கொடுக்க வேண்டிய பில்களின் பட்டியல். இயக்குநர் என்ற முறையில் கணக்குப் புத்தகங்களைப் பார்க்க உங்களுக்கு உரிமை உண்டு. ஒரு கணக்காளரையும் உடன் அழைத்துப் போகலாம். எழுத்தில் கேளுங்கள், நாள் குறித்துக் கேளுங்கள்.

சட்டம் இந்தப் பணத்தை எப்படிப் பார்க்கிறது? பல நாடுகளில் வீடு வாங்குவோர் பணத்துக்குத் தனிக் கணக்கும், வேலைக்கு ஏற்ப மட்டும் எடுக்கும் விதியும் உண்டு. உங்கள் நாட்டில் அப்படி இருந்தால் இந்தச் சான்றின் எடை இரண்டு மடங்காகிறது. விதியே இல்லாத இடத்திலும், ஒரு நோக்கத்துக்கென்று ஒதுக்கி வைத்த பணம் அந்த நோக்கத்துக்கே உரியது என்ற கொள்கை இருக்கிறது. கேஃபோர்ட் என்ற தபால்வழி விற்பனை நிறுவனம் மூழ்கும் நிலைக்கு வந்தபோது, வாடிக்கையாளர் முன்பணத்தைத் தனிக் கணக்கில் போட்டு வைத்திருந்தது. நிறுவனம் கலைக்கப்பட்டபோது அந்தப் பணம் வாடிக்கையாளர்களுடையது, கடன் கொடுத்தவர்கள் தொட முடியாது என்று தீர்ப்பானது. இதிலிருந்து ஒரு நடைமுறைப் பாடம் எடுத்துக்கொள்ளலாம்: பொதுக் கணக்கில் கலந்த பணத்தைக் காப்பாற்றுவது கடினம். ஆகவே இன்று முதல் வரும் தவணைகளையாவது தனிக் கணக்கில் போட வைக்க முயலுங்கள்.

பள்ளம் விழுந்துவிட்டது என்று உங்கள் கணக்கு காட்டினால் இயக்குநரின் கடமையே திசை மாறுகிறது. நிறுவனம் நொடித்துப்போகும் நிலை நெருங்கிவிட்டால், பங்குதாரர் நலனோடு கடன் கொடுத்தவர்களின் நலனையும் இயக்குநர் கணக்கில் எடுக்க வேண்டும் என்று 2022-இல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் சீக்குவானா வழக்கில் விளக்கியது. பணம் கட்டி வீடு கிடைக்காதவர்களும் அந்த வரிசையில் நிற்பவர்கள்தான். 'அடுத்த திட்டத்தில் சரிக்கட்டிவிடலாம்' என்ற பேச்சுக்கு அப்போது இடமில்லை.

நிலத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தைப் படித்ததும் நினைவுக்கு வந்தது கனடாவின் குக் எதிர் டீக்ஸ் வழக்கு. டொராண்டோ கன்ஸ்ட்ரக்‌ஷன் கம்பெனியில் நான்கு பேர், ஆளுக்குக் கால் பங்கு, நால்வருமே இயக்குநர்கள். கனடியன் பசிபிக் ரயில்வேயின் வேலைகளைத் தொடர்ந்து எடுத்துச் செய்துவந்தார்கள். மூன்று பேருக்குக் குக் என்பவரோடு மனம் ஒத்துப்போகவில்லை. அடுத்து வந்த ரயில் பாதை வேலையை, நிறுவனத்துக்காகப் பேசும் அதே நடையில் பேசி முடித்துவிட்டுத் தங்கள் பெயருக்கு வாங்கிக்கொண்டார்கள். புதிதாக ஒரு கம்பெனியும் தொடங்கினார்கள். பிறகு பங்குதாரர் கூட்டம் போட்டு, முக்கால் பங்கு வாக்கை வைத்து, 'அந்த வேலையில் நம் நிறுவனத்துக்கு எந்த உரிமையும் இல்லை' என்று தீர்மானமும் நிறைவேற்றினார்கள். 1916-இல், அன்று கனடா வழக்குகளுக்கும் இறுதி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டனின் பிரிவி கவுன்சில், அந்த ஒப்பந்தத்தின் பயன் நிறுவனத்துக்கே சேரும் என்றது. நிறுவனத்தின் சொத்தைப் பெரும்பான்மை தனக்குத்தானே பரிசளித்துக்கொள்ள முடியாது, அதற்கு வாக்கெடுப்பு உதவாது என்பதுதான் அதன் சாரம். சித்தப்பாவிடமும் தம்பியிடமும் மூன்றில் இரண்டு பங்கு இருக்கிறதே என்று நீங்கள் அஞ்ச வேண்டியதில்லை.

'அந்த உரிமையாளர் உங்க கம்பெனிக்கு எப்படியும் குடுத்திருக்க மாட்டார்' என்று தம்பி சொல்லக்கூடும். அந்த வாதமும் 1972-இல் கூலி என்பவரின் வழக்கில் அடிபட்டுப்போனது. கூலி ஒரு கட்டடக் கலைஞர், ஒரு நிறுவனத்தின் நிர்வாக இயக்குநர். எரிவாயு வாரியத்தின் கட்டுமான வேலை தனிப்பட்ட முறையில் தனக்குக் கிடைக்கும் என்று தெரிந்ததும், உடல்நிலை சரியில்லை என்று பொய் சொல்லி விலகிப்போய் அந்த வேலையை எடுத்தார். அந்த வேலை நிறுவனத்துக்குக் கிடைத்திருக்கும் வாய்ப்பு 10 விழுக்காடுதான் என்று நீதிமன்றமே கருதியது. ஆனாலும் லாபம் முழுவதையும் நிறுவனத்திடம் ஒப்படைக்கச் சொன்னது. நிறுவனம் எவ்வளவு இழந்தது என்பதைவிட, இயக்குநர் தன் பதவியில் இருந்துகொண்டு அறிந்ததைத் தன் பைக்குத் திருப்பினாரா என்பதே கேள்வி.

எனவே அந்த நிலம் நிறுவனத்தின் வாய்ப்பாக இருந்தது என்பதற்கான சான்றைச் சேர்க்க வேண்டும். பேச்சுவார்த்தை மின்னஞ்சல்கள், வரைவு ஒப்பந்தம், முன்மாதிரி வரைபடங்கள் எல்லாம் உதவும். ஆனால் நான் முதலில் தேடச் சொல்வது மண் பரிசோதனை பில்லை. நிலத்தில் துளை போட்டு மண்ணின் தாங்கு திறனைப் பார்க்கும் அந்தப் பரிசோதனையை, வேலை தனக்கு வரும் என்று நம்புகிறவர்தான் காசு கொடுத்துச் செய்வார். அதற்கு உங்கள் நிறுவனம் பணம் கட்டியிருந்தால், பத்து மின்னஞ்சல் சொல்லாததை அந்த ஒரு ரசீது சொல்லிவிடும்.

நில உரிமையாளரோடு மோத வேண்டாம். அவர் நல்லெண்ணத்தோடு ஒப்பந்தம் போட்டிருந்தால் அதை உடைப்பது கடினம், அவசியமும் இல்லை. அவர் சம்மதத்தோடு ஒப்பந்தத்தை உங்கள் நிறுவனத்தின் பெயருக்கு மாற்றித் தருவது ஒரு வழி. தம்பியின் கம்பெனி லாபத்தைக் கணக்குக் காட்டி ஒப்படைப்பது இன்னொரு வழி. முதல் வழியைக் கட்டடம் எழும்பும் முன்பே கேட்டால் செலவு குறைவு.

சித்தியின் நிறுவனத்துக்குக் கொடுத்த வேலை, கேட்கப் பெரிதாகத் தெரிந்தாலும் மூன்றில் எளிதாகத் தீரக்கூடியது இதுதான். உறவினருக்கு வேலை கொடுப்பது தன்னளவில் குற்றமல்ல. சொல்லாமல் கொடுப்பதில்தான் கோளாறு. 1854-இல் அபெர்டீன் ரயில்வே வழக்கில், தண்டவாளத்தைத் தாங்கும் இரும்பு இருக்கைகளை ரயில் நிறுவனத்துக்குச் செய்து கொடுக்க ஒப்பந்தம் போட்டது, அதே ரயில் நிறுவனத் தலைவர் கூட்டாளியாக இருந்த ஒரு பட்டறை. விலை நியாயமா என்ற விசாரணைக்கே பிரபுக்கள் சபை போகவில்லை. வாங்குபவருக்காகப் பேச வேண்டியவர் விற்பவர் பக்கமும் உட்கார்ந்திருந்தார் என்பதே ஒப்பந்தத்தை விலக்கிக்கொள்ளப் போதுமானது என்றது. இன்றைய சட்டங்களும் நிறுவன விதிகளும் இதைக் கொஞ்சம் தளர்த்தி, தன் நலனை முன்கூட்டி அறிவித்து, நலன் இல்லாதவர்கள் ஒப்புதல் தந்தால் செல்லும் என்கின்றன.

இங்கே உங்களுக்கு ஒரு பிடி கிடைக்கிறது. சித்தப்பாவுக்கும் தம்பிக்கும் இந்த ஒப்பந்தத்தில் நலன் உண்டு. மூன்று இயக்குநர்களில் நலன் இல்லாதவர் நீங்கள் ஒருவர்தான். நலன் உள்ளவர்களைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று உங்கள் நிறுவன விதிகள் சொன்னால், கூட்டத்துக்கு வேண்டிய எண்ணிக்கையே தேறாது. நீங்கள் இல்லாமல் செல்லுபடியாகும் தீர்மானம் போட்டிருக்க முடியாது என்று ஆகிவிடும். விதிகள் வேறு மாதிரியும் எழுதப்பட்டிருக்கலாம். அந்தப் பக்கத்தை வழக்கறிஞரோடு வரி வரியாகப் படியுங்கள்.

விலையை ஒப்பிடும்போது, ஒரு கன மீட்டருக்கு என்ன விலை என்று மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். ஒருவர் பம்ப் வாடகை, வைப்ரேட்டர், தண்ணீர் ஆற்றும் கூலி எல்லாம் சேர்த்து விலை சொல்லியிருப்பார். இன்னொருவர் எதையுமே சேர்த்திருக்க மாட்டார். ஒரே அளவுப் பட்டியலைக் கொடுத்து வெளியார் மூவரிடம் விலை வாங்குங்கள். உறவினர் ஒப்பந்தத்தில் சலுகை விலையில் இருப்பது அரிது. பில்லிலிருந்து கழிக்க வேண்டியதைக் கழிக்காமல் விடுவதில்தான் அது ஒளிந்திருக்கும். மற்ற துணை ஒப்பந்தக்காரர்களிடம் பில்லுக்கு 5 விழுக்காடு பிடித்தம் வைத்துக்கொண்டு, வேலையில் குறை தெரிந்தால் அவர்களே சரிசெய்ய வேண்டிய குறைபாட்டுக் காலம் முடிந்ததும் தருகிறீர்கள் என்றால், இவர்களிடமும் பிடித்தம் இருக்கிறதா? கொடுத்த முன்பணத்தைப் பில்லுக்குப் பில் கழிக்கிறார்களா? கம்பிக் கணக்கு முடிக்கிறார்களா?

கம்பிக் கணக்கை மட்டும் ஒரு முறை நீங்களே போட்டுப் பாருங்கள். நிறுவனம் கொடுத்த கம்பி 40 டன். கம்பிகளின் நீளமும் எடையும் எழுதிய வளைப்புப் பட்டியலின்படி கட்டடத்துக்குள் போனது 36. சைட்டில் மிச்சம் ஒன்றரை டன். ஒப்பந்தம் அனுமதிக்கும் கழிவு 3 விழுக்காடு என்றால் 1.08 டன். கூட்டினால் 38.58. மீதி 1.42 டன் எங்கே? வெளியார் என்றால் அதன் விலை அடுத்த பில்லிலேயே கழிந்திருக்கும்.

இனி, இவற்றை எங்கே எப்படி எழுப்புவது. சாப்பாட்டு மேசையில் பேசியது பதிவாகாது. இயக்குநர் குழுக் கூட்டத்துக்கு எழுத்தில் அழைப்பு அனுப்புங்கள். பெரும்பாலான நிறுவன விதிகளில் எந்த இயக்குநரும் கூட்டத்தைக் கூட்டச் சொல்லலாம். பொருள் நிரலில் சான்று, திட்டவாரிப் பணக் கணக்கு, நிலம், துணை ஒப்பந்தம் நான்கையும் தனித்தனியாக எழுதுங்கள். 'இதர விஷயங்கள்' என்று ஒரு வரியில் அடக்கினால் பேச நேரமில்லை என்று முடித்துவிடுவார்கள். உங்கள் மறுப்பு கூட்டக் குறிப்பில் இடம்பெற வேண்டும். வாசகம் நீளமாக வேண்டாம்: 'துணை ஒப்பந்தம் தொடர்பாக இரு இயக்குநர்களும் தங்கள் நலனை அறிவிக்கவில்லை, ஒப்பீட்டு விலைகள் வைக்கப்படவில்லை, இந்தத் தீர்மானத்துக்கு நான் உடன்படவில்லை.' குறிப்பில் சேர்க்க மறுத்தால், கூட்டம் முடிந்த அன்றே அதை மின்னஞ்சலில் இருவருக்கும் அனுப்புங்கள். மாதங்கள் கழித்து எழுதும் மறுப்புக்கு மதிப்பு மிகக் குறைவு.

அதே கடிதத்தில் ஒரு வழியையும் திறந்து வையுங்கள். பதினான்கு நாள் கொடுத்து, போன பணத்தை இந்தத் திட்டத்தின் கணக்கில் திருப்பிக் கட்ட வேண்டும், நில ஒப்பந்தத்தை நிறுவனத்துக்கு மாற்ற வேண்டும், துணை ஒப்பந்த வேலையை வெளி மதிப்பீட்டாளர் ஒருவர் மறு அளவு செய்ய வேண்டும் என்று கேளுங்கள். பள்ளம் சிறிதாக இருக்கும்போது இதை ஏற்பது அவர்களுக்கும் நல்லது. இந்தக் கட்டத்தில் தீரும் வாய்ப்பு உங்கள் குடும்பத்துக்கு இன்னும் இருக்கிறது என்றே நினைக்கிறேன்.

தீரவில்லை என்றால்? நிறுவனத்துக்கு இழைத்த தீங்குக்கு நிறுவனம்தான் வழக்குப் போட வேண்டும் என்பது 1843-இல் ஃபாஸ் எதிர் ஹார்பாட்டில் வழக்கில் வந்த விதி. கம்பெனிச் சட்டத்தின் இந்த அடிக்கல்லே ஒரு ரியல் எஸ்டேட் தகராறில் விழுந்ததுதான். மான்செஸ்டர் அருகே விக்டோரியா பார்க் என்ற குடியிருப்பை உருவாக்கிய நிறுவனத்தின் இயக்குநர்கள், தங்கள் சொந்த நிலத்தையே நிறுவனத்துக்கு அதிக விலைக்கு விற்றுக்கொண்டார்கள் என்று இரண்டு சிறு பங்குதாரர்கள் வழக்குப் போட்டு, நுழைவாயிலிலேயே திருப்பி அனுப்பப்பட்டார்கள். ஆனால் தவறு செய்தவர்கள் கையிலேயே நிறுவனம் இருக்கும்போது, சிறுபான்மைப் பங்குதாரர் நிறுவனத்தின் சார்பில் வழக்குத் தொடரலாம் என்ற விலக்கு பிறகு வளர்ந்தது. பல நாடுகள் அதைச் சட்டமாகவே எழுதிவிட்டன. சிறுபான்மையை ஒடுக்கும் நிர்வாகத்துக்கு எதிரான மனு இன்னொரு பாதை. அதில் நியாயமான விலைக்கு உங்கள் பங்கை அவர்கள் வாங்கிக்கொள்ளும்படி நீதிமன்றம் உத்தரவிட முடியும்.

கேள்வி கேட்டதற்காக உங்களைப் பதவியிலிருந்து நீக்கவும் பார்ப்பார்கள். 1972-இல் முடிந்த எப்ராஹிமி வழக்கும் இப்படித்தான். கம்பள வணிகத்தில் இரண்டு கூட்டாளிகள் நிறுவனம் தொடங்கினார்கள். பிறகு ஒருவரின் மகனும் சேர்ந்தார். அப்பாவும் மகனுமாக வாக்களித்து மற்றவரை இயக்குநர் பதவியிலிருந்து நீக்கினார்கள். வாக்குச் சட்டப்படி சரிதான். ஆனால் நம்பிக்கையின் மேல் நின்ற கூட்டு முறிந்துவிட்டது, நிறுவனத்தைக் கலைப்பதே நியாயம் என்று பிரபுக்கள் சபை சொன்னது. அந்தத் தீர்ப்பைப் பற்றி அவர்களுடைய வழக்கறிஞருக்கும் தெரிந்திருக்கும்.

கடைசியாக, விலகுவது. விலகினால் அன்றுவரை நடந்ததற்கான பொறுப்பு போய்விடாது. கணக்கைப் பார்க்கும் உரிமை மட்டும் போய்விடும். அதனால் முதலில் காகிதங்களைப் பார்த்து, கூட்டத்தில் எழுப்பி, மறுப்பைப் பதிவு செய்யுங்கள். அதன் பிறகும் பொய்ச் சான்றோடுதான் பணம் எடுக்கிறார்கள், தடுக்க உங்களால் முடியவில்லை என்றால், காரணத்தைத் தேதிகளோடு எழுதி விலகுங்கள். சொந்தக் காரணங்களால் என்று எழுதாதீர்கள். பதவி விலகலைப் பதிவு அலுவலகத்தில் தாக்கல் செய்ததற்கான ரசீது உங்கள் கையில் இருக்க வேண்டும். இயக்குநர் பட்டியலில் பெயர் தொடர்ந்து நின்றால் அடுத்து வரும் நோட்டீசும் உங்கள் வீட்டுக்குத்தான் வரும். காசோலையில் கையெழுத்திடும் அதிகாரத்தை நீக்கச் சொல்லி வங்கிக்குத் தனியாக எழுதுங்கள். காலிக் காசோலைகளில் முன்பே கையெழுத்திட்டுக் கொடுத்திருந்தால் அவற்றின் எண்களைச் சொல்லி நிறுத்தி வையுங்கள். அப்படிக் கொடுத்துவிட்டு ஒதுங்கியிருந்த இரண்டு இயக்குநர்களை, வேலை செய்த இயக்குநரோடு சேர்த்தே பொறுப்பாக்கியது 1977-இல் முடிவான டார்செஸ்டர் ஃபைனான்ஸ் வழக்கு.

நீங்கள் எழுதாத ஒன்றையும் கேட்டாக வேண்டும். நிறுவனத்தின் வங்கிக் கடனுக்குத் தனிப்பட்ட உத்தரவாதம் ஏதாவது கொடுத்திருக்கிறீர்களா? இயக்குநராகச் சேரும்போது நீட்டப்பட்ட ஒரு கட்டுக் காகிதத்தில் அதுவும் இருந்திருக்கலாம். பதவி விலகினாலும் உத்தரவாதம் தானாக விலகாது; வங்கி எழுத்தில் விடுவிக்க வேண்டும். சில உத்தரவாதங்களில், இனி எடுக்கும் கடனுக்கு நான் பொறுப்பில்லை என்று நோட்டீஸ் கொடுத்து, அன்றைய நிலுவையோடு பொறுப்பை நிறுத்திக்கொள்ள இடமுண்டு. கூட்ட அழைப்பை அனுப்புவதற்கு முன்பே வங்கிக்குப் போய், உங்கள் கையெழுத்துள்ள எல்லா ஆவணங்களின் நகலையும் எழுதிக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.